மண்ணெண்ணெய் வரிசையில் விழுந்த சொல்

எங்கள் தெருவில் சண்டை இல்லாமல் ஒரு வாரம் போனதாக எனக்கு நினைவில்லை. ஹட்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால், கூட்செட்டை ஒட்டிச் சரிவில் இறங்குகிற தெரு அது. இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிய கல்வீடுகள், மேலே தகரம், நடுவில் கழிவுநீர் ஓடும் கான். தெருவின் மேல்முனையில் எல்லோருக்குமாக ஒரே ஒரு பைப். அந்தப் பைப்படியில் என் அம்மா பக்கத்து வீட்டு அக்காவைப் பித்தளைக் குடத்தால் அடித்து மண்டையை உடைத்திருக்கிறார். கோயில் திருவிழாவில் யார் முதலில் தேர்வடம் பிடிப்பது என்று ஆண்கள் சட்டை கிழியப் புரண்டிருக்கிறார்கள். இவையெல்லாம் ஆறிப்போகிற சண்டைகள். அந்த அக்காவே பிறகு அம்மாவுக்குப் பிரசவம் பார்த்து என் தம்பியைக் கையில் வாங்கினார். நான் எழுத வந்தது ஆறாத ஒன்றைப் பற்றி.

அதற்கு முன் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கூட்செட்டுக்கு வந்து இறங்கும். அவற்றைத் தூக்கி ரயில் பெட்டிகளில் அடுக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆட்களுக்காகக் கட்டியவைதான் எங்கள் வீடுகள். பெட்டி தூக்க வந்தவர்கள் எல்லோரும் மலையிலிருந்து இறங்கியவர்கள். பஞ்ச காலத்தில் மரவள்ளிக் கிழங்குகூடக் கிடைக்காமல் இறங்கியவர்கள், லயத்து வரிசைவீடுகளில் தீ வைக்கப்பட்டு ஓடி வந்தவர்கள், தோட்டத்துச் சங்கத் தலைவரோடு பகைத்துக்கொண்டு வந்தவர்கள். என் அப்பா, தோட்டத்தில் வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையை அடித்துவிட்டு வந்தவர். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்தி வந்ததற்காகக் கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும் அவரைப் பிரம்பால் விளாசியிருக்கிறார். அப்பா மண்வெட்டிக் காம்பைக் கழற்றி அவர் முழங்காலில் இறக்கிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச்சாக்கோடு நடந்தே டவுனுக்கு வந்துவிட்டார். அப்போது அவருக்கு மீசை முளைத்த வயது. அவருடைய அண்ணன், என் பெரியப்பா, அதே லயத்தில் தங்கிவிட்டார். அப்படித்தான் எங்கள் குடும்பத்தில் ஒரு கிளை டவுன், ஒரு கிளை தோட்டம் என்று ஆனது.

தெருவின் கீழ்முனையில் முஸ்லிம்களின் கடைகள். அவற்றில் பெரியது இரும்புக்கடை. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்தது. பஸ் நிலையத்துப் பக்கமிருந்து கத்திக்கொண்டு வந்தவர்கள் முஸ்லிம் கடைகளை விட்டுவிட்டு, தெருவின் கீழ்ப்பாதியில் எங்கள் ஆட்களின் வீடுகளை எரித்தார்கள். அப்பாவை சைக்கிள் செயினால் அடித்தார்கள். கன்னத்துச் சதை பிளந்து உள்ளே பல் தெரிந்ததை நான் பார்த்தேன். இரும்புக்கடை முதலாளி எங்களைக் கடையின் பின்புறக் களஞ்சிய அறைக்குள் இழுத்துப் போட்டு, சீமெந்து மூட்டைகளை எங்களுக்கு முன்னால் அடுக்கினார். இரண்டு பகல் அங்கே கிடந்தோம். மூச்சுவிட்டால் சீமெந்துத் தூள் தொண்டையில் இறங்கும். இருமக் கூடாது என்று அம்மா என் வாயைப் பொத்திய அழுத்தம் இன்னும் என் தாடையில் இருப்பதுபோலத்தான் தோன்றும்.

எல்லாம் அடங்கிய பிறகு பெரியப்பா மலையிலிருந்து வந்தார்.

"லயத்துக்கே வந்துருடா. இருக்கிற காம்பராவ ரெண்டாத் தடுத்துக்குவோம்" என்றார்.

கன்னத்தில் கட்டோடு அப்பா தலையை ஆட்டினார். "அடி வாங்கினாலும் டவுன்லயே வாங்கிக்கிறேண்ணே."

அதன் பிறகு கல்யாணம், கருமாதி என்றால் மட்டுமே நாங்கள் தோட்டத்துக்குப் போனோம். போனாலும் அப்பா காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றமாட்டார்.

தம்பி எனக்குப் பத்து வயது இளையவன். டவுன் பள்ளிக்கூடத்தில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளோடு படித்தான். அங்கே அவனுக்கு ஒரு பட்டம் இருந்தது. தோட்டக்காட்டான். அவன் டவுனிலேயே பிறந்தவன், ஒரு கொழுந்துகூடக் கிள்ளாதவன். ஆனால் அப்பன் பெட்டி தூக்குகிறவன், அந்தத் தெருவில் குடியிருக்கிறவன் என்றால் போதும், அந்தச் சொல் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் அதைச் சொன்ன பையனின் உள்ளங்கையில் கவராயத்தின் முள்ளைக் குத்திவிட்டு வந்தான். அப்பா பெல்ட்டை உருவினார். இரண்டு அடி விழுந்தது.

"என்னடா சொன்னான் அவன்?"

தம்பி சொன்னான். அப்பா பெல்ட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

இவ்வளவும் பழைய கதை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். என் கணவரும் நெஞ்சுவலியில் போனார். பிள்ளை இல்லை. அப்பாவின் வீட்டில் நானும் தம்பியும் மட்டும் மிஞ்சினோம். நான் பள்ளிக்கூட யூனிபோர்ம் தைக்கிறவள். தம்பி ஆட்டோ ஓட்டினான்.

சில வருடங்களுக்கு முன் நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்ததே, அந்தக் காலம். கேஸ் இல்லை, பெட்ரோல் இல்லை, பால்மா இல்லை. கரண்டும் நாளில் பாதிக்கு இருக்காது. டவுன் வீடுகளில் விறகு அடுப்பே கிடையாது. மண்ணெண்ணெய் இருந்தால் சோறு. எண்ணெய் ஊற்றுகிற பெட்ரோல் ஷெட்டில் மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, பெட்ரோலுக்கு ஒரு வரிசை. தம்பி ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெட்ரோல் வரிசையில் நிறுத்திவிட்டு நாள்கணக்கில் அதிலேயே கிடந்தான். தாடி வளர்ந்து, கண் சிவந்து, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவனாக மாறியிருந்தான்.

எங்கள் தெருக்காரர்கள் மண்ணெண்ணெய் வரிசையில் கேன்களை வைத்து, ஒரே கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எண்ணெய் லொறி, பவுசர், வருகிறது என்று கேள்விப்பட்டால் ஓடி வருவார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அது முடியாது. வேலையை விட்டு, அன்றைய பேரையும் கூலியையும் இழந்து, பஸ்ஸும் ஓடாததால் மலையிலிருந்து நடந்து வருகிறவர்கள். திரும்பப் போய் வர நேரமில்லை. அதனால் தங்கள் கேனுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். கேன் முந்தியா, ஆள் முந்தியா என்று தினமும் வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்தது.

அன்று காலையிலிருந்து தூறல். நானும் வரிசையில் நின்றேன். பவுசர் வந்து எண்ணெய் ஊற்றத் தொடங்கியதும் எங்கள் தெருக்காரர்கள் ஓடி வந்து தங்கள் கேன்களுக்குப் பின்னால் நுழைந்தார்கள். அப்போது மழைக்குத் தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்த ஒரு பெண் குனிந்து, எங்கள் தெருக் கேன்களின் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து ரோட்டோரம் தள்ளினாள். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு.

"முந்தா நாள்லேருந்து தெனமும் நின்னுட்டு வெறுங்கேனோட போறோம். ஆளு நிக்கிறோம் நாங்க. எண்ணெ ஆளுக்கா, கேனுக்கா?" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான் என்று நின்ற இடத்திலேயே எனக்குப் பட்டது. வாயைத் திறப்பதற்குள் பெட்ரோல் வரிசையிலிருந்து தம்பி வந்துவிட்டான்.

"கேன எடுத்த எடத்துல வையி."

"வைக்க முடியாது தம்பி. நீங்க வீட்டுல படுத்துட்டு வருவீங்க, நாங்க நனையணுமா?"

தம்பி அவளுடைய நீலக் கேனை உதைத்தான். அது உருண்டு போய்க் கானில் விழுந்தது. பிறகு அந்தச் சொல்லைச் சொன்னான்.

"தோட்டக்காட்டுக் கழுதைங்களுக்குக் கியூன்னா என்னான்னு தெரியுமா? போய்க் காட்டுல வெறகு பொறுக்கி எரிங்கடி."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்ற அவளுடைய புருஷன், உயரமான மனிதர், முன்னால் வந்து தம்பியின் கன்னத்தில் ஒரு அறை விட்டார். ஒன்றே ஒன்று. விட்டுவிட்டுக் கேனை எடுக்கக் கானுக்குள் இறங்கினார். அவரைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது.

தம்பி ஆட்டோவுக்கு ஓடினான். சீட்டுக்கு அடியிலிருந்து வீல் கழற்றும் ஸ்பெனரை எடுத்து வந்தான். "டேய், வேணாண்டா" என்று நான் அவன் சட்டையைப் பிடித்தேன். பொத்தான்கள் தெறித்ததுதான் மிச்சம். அந்த மனிதர் நீலக் கேனோடு கானிலிருந்து ஏறும்போது தம்பி வீசினான். அவர் கையைத் தூக்கினார். முதல் அடியில் முன்கை எலும்பு முறிந்தது. பச்சை மரக்கொம்பு ஒடிகிற சத்தம். இரண்டாவது அடி இடது காதுக்கு மேலே. அவர் சத்தமே போடவில்லை. உட்காருகிறவரைப்போல முழங்கால் மடங்கி, அப்படியே கானுக்குள் பக்கவாட்டில் சாய்ந்தார். மழைத்தண்ணீரில் ரத்தம் கலந்து ஷெட்டின் வாசல்வரை ஓடியது.

அவளுடைய அலறலுக்குப் பிறகு நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். கூட்டம் தம்பியின் மேல் விழுந்தது. கேன்களாலும் கல்லாலும் செருப்புக் காலாலும் அடித்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் சிலர் அவர்களை அடித்தார்கள், பலர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் தம்பியின் மேல் குப்புற விழுந்தேன். முதுகில் மிதி விழுந்து உள்ளே ஏதோ முறிந்தது. பிறகு தலையில் சில்லென்று ஊற்றியது. மழை என்று நினைத்தேன். கண் எரிந்தது. மண்ணெண்ணெய்.

"பத்த வைங்கடா!" என்று யாரோ கத்தினார்கள்.

அதைச் சொன்னவர் வெறும் மிரட்டலுக்குச் சொன்னாரா, செய்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நெருப்புப்பெட்டி உரசுகிற சத்தத்தை நான் கேட்டேன். குச்சி நனைந்திருந்தது. இன்னொரு குச்சி எடுப்பதற்குள் இரும்புக்கடை நானா கூட்டத்தை முட்டிக்கொண்டு வந்து அந்தக் கையைப் பிடித்துத் திருகினார். பழைய முதலாளியின் மகன் அவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற அண்ணன், இப்போது நரைத்த தாடியோடு அவரே முதலாளி. அவருக்கும் முகத்தில் அடி விழுந்து மூக்குக் கண்ணாடி உடைந்தது. அப்போதுதான் பொலிஸ்காரர்கள் பொல்லுத்தடிகளைச் சுழற்றிக்கொண்டு, "பஸ்ஸட்ட! பஸ்ஸட்ட!" என்று, பின்னால் போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்தி, எல்லோரையும் தள்ளியபடி வந்தார்கள்.

அந்த மனிதரையும் தம்பியையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அவருக்கு நினைவு திரும்பவில்லை, கண்டிக்கு அனுப்பினார்கள். தம்பியின் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கட்டிலோடு விலங்கு மாட்டினார்கள். எனக்கு விலா எலும்பு. அதற்கு மருந்து இல்லை, மூச்சை மெதுவாக விடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எத்தனை தடவை குளித்தும் தலைமுடியிலிருந்து எண்ணெய் வாடை போகவில்லை.

தோட்டத்து ஆட்கள் வருவார்கள் என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இளவட்டப் பெடியன்கள் கூரைமேல் போத்தல்களையும் கல்லையும் ஏற்றினார்கள். நானா வீடு வீடாகப் போய், "யாரும் மொதல்ல கை வைக்க வேணாம். பேசிப் பாப்பம்" என்று சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மூடுபனி இறங்குகிற நேரத்தில், ரயில் பாதை வழியாக நடந்தே வந்தார்கள். கையில் தடியும், தேயிலைச்செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியும். எங்கள் கூரையிலிருந்துதான் முதல் போத்தல் பறந்தது.

பிறகு தகரங்களின்மேல் கல்மழை. தையல் மெஷினைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஆட்டோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு எங்கள் கதவில் கத்தி இறங்கியது. பலகை பிளந்த இடுக்கில் ஒரு முகம் தெரிந்தது. பெரியப்பாவின் மகன். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தவர். தம்பி அடித்த மனிதர் எங்கள் பெரியப்பாவின் லயத்துக்காரர் என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, நாந்தாண்ணே!" என்று கத்தினேன்.

"தெரியும். தெரிஞ்சுதான் வந்திருக்கோம்" என்றார்.

இன்னும் இரண்டு வெட்டு. கதவு பிளந்தது. மெஷின் சரிந்து விழுந்தது. அவரும் இன்னும் இருவரும் உள்ளே வந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். அதைக் கழற்றவில்லை, ஆணியிலேயே திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தார்.

"சித்தப்பா இதப் பாக்க வேணாம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அடிக்கத் தொடங்கினார்கள். அலுமாரி, தொலைக்காட்சி, சட்டிபானை, தைத்து அடுக்கி வைத்திருந்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம். என் மேல் ஒரு கை படவில்லை. அவர் வெளியே போகும்போது வாசலில் நின்று, "எங்களக் காட்டான்னு சொல்றதுக்கு ஒங்க வீட்டுலயா ஆளு இருக்கணும்?" என்று கேட்டார். அழுகிறவரின் குரல் அது.

அன்று எங்கள் தெருப் பெடியன் ஒருவனுக்கு இரண்டு விரல்கள் போயின. அவர்கள் பக்கம் ஒரு பெரியவருக்குப் போத்தல் பட்டுக் கண் போயிற்று. நானாவின் கடைக் கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. யார் உடைத்தார்கள் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. எங்கள் தெருக்காரர்களும் உடைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆர்மி வந்து கண்ணீர்ப்புகை அடித்த பிறகே எல்லாம் அடங்கியது.

ஒரு மாதம் கழித்துக் கோயில் மண்டபத்தில் சமாதானக் கூட்டம் வைத்தார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கைகொடுத்துக்கொண்டார்கள், போட்டோ எடுத்தார்கள். "வாய் தவறி வந்த ஒரு வார்த்த" என்று எங்கள் தெருத் தலைவர் பேசினார். அந்த வார்த்தை எது என்று யாரும் சொல்லவில்லை. அடிபட்ட மனிதர் அங்கே இல்லை. அவருடைய மனைவியும் வரவில்லை. எல்லோரும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அடிபட்டவரைப் பார்க்காமல் அந்தச் சமாதானம் எனக்குப் பொருந்தவில்லை. மறுநாள் காலையில் தனியாகத் தோட்டத்துக்குக் கிளம்பினேன்.

"தனியாப் போகாதம்மா, நானும் வாரேன்" என்றார் நானா. வேண்டாம் என்றேன். விலா இன்னும் குத்திக்கொண்டிருந்ததால் ஏற்றத்தில் நின்று நின்றுதான் நடக்க முடிந்தது.

லயத்து வாசலில் அவள் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. கோடரியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, ஒரு விறகுக்கட்டையை எடுத்து முதுகில் அடித்தாள். பக்கத்து லயத்துப் பெண்கள் ஓடி வந்து பிடிக்கும்வரை அடித்தாள். என் உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. நான் கையைத் தூக்கவில்லை. அது பெருந்தன்மை ஒன்றுமில்லை. தூக்கினால் விலா வலி உயிரை எடுத்துவிடும் என்ற பயம்தான்.

அவள் மூச்சிரைக்க வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ஒந் தம்பிய அடிக்க முடியல. அதான் ஒன்ன அடிச்சேன்."

"சரி" என்றேன்.

உள்ளே கட்டிலில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். தலையின் ஒரு பக்கம் குழிந்து, அதன்மேல் குறுமுடி முளைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் உடம்பைச் சுவரோடு ஒடுக்கிக்கொண்டு இடது கையால் முகத்தை மறைத்தார். எனக்கும் தம்பிக்கும் ஒரே முகவெட்டு. நான் சட்டென்று வாசலுக்கு வந்துவிட்டேன்.

"பேச்சு வரல அவருக்கு" என்றாள் அவள். "வந்தாலும் மாறி வருது. தேத்தண்ணி வேணும்னா மழைங்கிறாரு. என் பேரச் சொல்ல வரல. வலது கையில கரண்டி நிக்கல. திடீர் திடீர்னு கைகால் வெட்டி இழுப்பு வருது."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"யாருக்குத் தெரியும்? கிளினிக்குல அவரு சிங்களத்துல என்னமோ சொல்றாரு. நா தலைய ஆட்டிட்டு வர்றேன். மாத்திரைய எப்பக் குடுக்கணும்னுகூட ஒழுங்காத் தெரியல." பிளந்து கிடந்த விறகை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஒனக்கு சிங்களம் வருமா?"

"வரும்."

"அப்ப அடுத்த கிளினிக்குக்கு வா. வாசல்ல நில்லு. அவரு கண்ணுல படாம நில்லு."

அப்படித்தான் அது தொடங்கியது. கிளினிக் நாளில் நான் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பேன். அவர்கள் முன்னால் போவார்கள். டாக்டரின் அறையில் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு டாக்டர் சொல்வதை அவளுக்குச் சொல்வேன், அவள் கேட்பதை டாக்டருக்குச் சொல்வேன். முதல் தடவையே ஒன்று தெரிந்தது. இழுப்புக்குக் கொடுத்த மாத்திரையை, தூங்குவதற்கான மாத்திரை என்று நினைத்து, தூக்கம் வராத நாளில் மட்டும் அவருக்குக் கொடுத்திருக்கிறாள். அதைக் கேட்டதும் அவள் கதறி அழவில்லை. தன் தொடையில் தானே ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டாள். டாக்டர் பயந்துபோய் எழுந்துவிட்டார்.

அவள் என்னோடு வேறு எதுவும் பேசமாட்டாள். நன்றி என்றோ, போய் வருகிறேன் என்றோ சொல்லமாட்டாள்.

தம்பிக்குப் பிணை கிடைத்தது. காலை இழுத்து இழுத்து நடந்தபடி வீட்டுக்கு வந்தான். நான் கிளினிக்குக்குப் போவது தெரிந்த அன்று, மிச்சமிருந்த கோப்பைகளையும் எறிந்து உடைத்தான்.

"அடிச்சு நொறுக்கினவங்களுக்குப் போயி ஊழியம் பாக்கிறியா? ஒனக்கு வெக்கமா இல்ல?"

"இல்ல."

கையை ஓங்கிக்கொண்டு வந்தான். மேசையிலிருந்த துணி வெட்டுகிற கத்திரிக்கோலை நான் கையில் எடுத்தேன். அடித்திருந்தால் குத்தியிருப்பேன். அதை அவனும் என் முகத்தில் பார்த்திருக்க வேண்டும். கை கீழே இறங்கியது. உடைந்த கோப்பைகளுக்கு நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, அந்த வார்த்த என் வாயிலேருந்து எப்பிடி வந்துச்சின்னே எனக்குத் தெரியல."

"கேட்டுக் கேட்டு வந்துருக்கு."

"என்னச் சொன்னப்ப நான் குத்தினேன்ல. கவராயத்தால. அப்ப அவரு அறைஞ்சது சரிதானே?"

"சரிதான்."

அவன் அதன் பிறகு அந்த விஷயத்தில் என்னோடு சண்டை போடவில்லை.

வழக்கு இழுத்து இழுத்துப் போனது. சமாதானக் கூட்டத்துப் பெரியவர்கள் அவளிடம் போய், வழக்கை முடித்துக்கொள்ளலாம், எல்லோரும் ஒரே சனம்தானே என்று பேசிப் பார்த்தார்கள். "ஒரே சனமா? அத அன்னிக்கி ஷெட்டுல சொல்லியிருக்கணும்" என்று அனுப்பிவிட்டாள். என்னிடமும் சிலர் வந்து, நீ சொன்னால் கேட்பாள், கொஞ்சம் பேசு என்றார்கள். நான் அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அடுத்த கிளினிக்குக்கு அவள் வந்திருக்கமாட்டாள், அல்லது என்னை வரவிட்டிருக்கமாட்டாள்.

கோர்ட்டில் அவளே சாட்சி சொன்னாள். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தான் கேன் கயிற்றை இழுத்ததையும், புருஷன் முதலில் அறைந்ததையும்கூட மறைக்கவில்லை. அந்தச் சொல்லை என்னவென்று கேட்டபோது உரக்கச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளருக்கு அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அப்படியே திருப்பிச் சொன்னார். அவளுடைய புருஷனிடம், அடித்தவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார்கள். அவர் கூண்டைப் பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இடது கையைத் தூக்கித் தம்பியைக் காட்டினார். பிறகு கை தானாகவே நகர்ந்து, சனங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த என்னையும் காட்டியது. நீதவான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

தம்பியைச் சிறைக்கு அனுப்பினார்கள். வெளியே முற்றத்தில் பெரியப்பாவின் மகன் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் துப்பவில்லை. நான் தாண்டிப் போகும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்று தெருவில் கதவுகள் எல்லாம் புதுசு. நானா கடைக்கு இரும்புச் சட்டரே போட்டுவிட்டார். பெட்டி தூக்குகிறவர்கள் யாரும் இப்போது இல்லை, பெடியன்கள் கொழும்பில் ஹோட்டல் வேலைக்கும் துபாய்க்கும் போகிறார்கள். நான் மெஷினைத் திருத்தி மறுபடியும் தைக்கிறேன். மாதத்தில் ஒருநாள் சிறைக்கு, ஒருநாள் கிளினிக்குக்கு.

போன தடவை கிளினிக் முடிந்து அவர்களோடு ஒரே பஸ்ஸில் வர வேண்டியதாகிவிட்டது. டவுனுக்கு வரும் வழியில் மல்லியப்பூச் சந்திக்குக் கிட்ட மண் சரிந்து, பஸ் வெகுநேரம் நின்றது. அவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். அவள் எழுந்து பின்னால் வந்து, என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஒந் தம்பி எப்பிடி இருக்கான்?"

அதுவரை அவள் அவனைப் பற்றிக் கேட்டதில்லை. எதற்காகக் கேட்கிறாள் என்று அவள் முகத்திலிருந்து எனக்குப் புரியவில்லை.

"மெலிஞ்சு போயிட்டான். மழ நாள்ல கால் ரொம்ப வலிக்குதாம்."

"வலிக்கட்டும்" என்றாள். கொஞ்ச நேரம் வெளியே மண் அள்ளுகிற மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இவரு நேத்து என் பேரச் சொன்னாரு. பாதிதான் வந்துச்சி" என்றாள்.

பஸ் கிளம்பியதும் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.